எண்ணத்துக்கு எந்த எண் கூண்டு?

ஐப்பசி பிறந்துவிட்டால் வட சென்னையில் எல்லோர் வாயிலும் வருகிற சொல் ஒன்று உண்டு: கூண்டு, அதாவது துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கை அடையாளம். "ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாமே" என்று காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர் சொன்னால், பக்கத்தில் வலை தைக்கிறவர் தலை நிமிராமலே "ஒண்ணுதானே" என்பார். அந்த 'தானே'க்குள் தலைமுறை அறிவு இருக்கிறது. 1 என்றால் தூரக் கடலில் புயலாக மாறக்கூடிய ஒன்று இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. 2 என்றால் புயல் உருவாகிவிட்டது, ஆனால் தூரத்தில். 3 என்றால் இங்கேயே திடீர்க் காற்றும் மழையும் வரலாம். 4 என்றால் துறைமுகத்துக்கு ஆபத்து வரலாம், ஆனாலும் எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு ஓடும் அளவுக்கு இன்னும் இல்லை. 5, 6, 7 புயல் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைச் சொல்பவை. 8, 9, 10 அதையே கடும்புயலுக்குச் சொல்பவை. 11 தனி ரகம். அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தக் கூண்டுகளில் எனக்குப் பிடித்தது, அவை பொய் சொல்லாது என்பதுதான். மேகம் கறுத்ததும் 10 ஏற்ற மாட்டார்கள். ஊர் பயப்படுமே என்று 7 ஏற்ற வேண்டிய இடத்தில் சும்மா இருக்கவும் மாட்டார்கள்.

நம் மனசு அப்படி இல்லை. எடுத்த எடுப்பிலேயே 10 ஏற்றிவிடும். மகன் ஃபோனை எடுக்கவில்லை, 10. சூப்பர்வைசர் "நாளைக்கு வந்து என்னைப் பாரு" என்றார், 10. கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, 10. இதைச் சபையில் போய்ச் சொன்னால் பல இடங்களில் கிடைக்கும் பதில் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது: "சிஸ்டர், நெகட்டிவா பேசாதீங்க, சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணுங்க." அதாவது, கூண்டை இறக்கு. இரண்டிலும் யாரும் கடலைப் பார்க்கவில்லை. மனசு பயத்தைப் பார்க்கிறது, பதில் சொல்கிறவர் பயத்தின் மேல் ஒரு துணியைப் போடுகிறார்.

வேதம் சொல்லும் சிந்தை ஒழுக்கம் இந்த இரண்டும் இல்லை. பிலிப்பியர் 4:8-ஐ மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் நம்மில் ஆயிரம் பேர். எவைகளையெல்லாம் சிந்திக்க வேண்டும் என்று பவுல் எட்டு அடுக்குகிறார். அவற்றில் முதலில் நிற்பது அழகோ ஆறுதலோ வெற்றியோ அல்ல, "உண்மையுள்ளவைகளெவைகளோ". அன்புள்ளவையும் நற்கீர்த்தியுள்ளவையும் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. உண்மை என்ற வாசலில் நுழையாத எண்ணம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், எவ்வளவு பக்தியாக ஒலித்தாலும், உள்ளே விடக்கூடாது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாசலைப் பற்றியதுதான்.

"எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்" என்ற 2 கொரிந்தியர் 10:5-ஐ இந்த விஷயத்தில் எல்லோரும் எடுப்பார்கள். நேர்மையாகச் சொன்னால், பவுல் அங்கே பேசுவது ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிற கவலையைப் பற்றி அல்ல, கொரிந்து சபையில் அவரை எதிர்த்தவர்களின் தர்க்கங்களைப் பற்றி. ஆனால் 'எந்த எண்ணத்தையும்' என்று வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டார். அங்கே எண்ணம் என்று இருக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் நோயேமா என்ற சொல் வருகிறது. அதே நிருபம் 2:11-இல் சாத்தானுடைய 'தந்திரங்கள்' என்று நம் வேதாகமத்தில் இருப்பதும் இதே சொல்தான். பிலிப்பியர் 4:7-இல் தேவசமாதானம் காத்துக்கொள்ளும் 'சிந்தைகள்' என்பதும் இதுதான். ஆக, ஒரே சாமான் தந்திரமாகவும் இருக்கலாம், காவலுக்குள் வைக்க வேண்டிய பொக்கிஷமாகவும் இருக்கலாம். எது எது என்று விசாரிக்காமல் தெரியாது.

சிறைப்பிடித்தவனை என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் கேட்பார்கள், எங்கிருந்து வந்தாய், உன்னோடு எத்தனை பேர், யார் அனுப்பினது என்று கேட்பார்கள். கொன்றுபோட்டால் தகவல் கிடைக்காது. தப்பவிட்டால் ராத்திரி திரும்ப வருவான். எண்ணத்தைச் சிறைப்படுத்துவது என்றால் அதை நிறுத்தி வைத்து விசாரிப்பது. நம்மில் பலர் "இயேசுவின் நாமத்தில் போ" என்று துரத்துகிறோம், அது கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விசாரணைக்கு ஒரு நோட்டு வேண்டும். 80 பக்க நீள நோட்டு போதும். திறந்தால் வரும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் எண்ணம், ஒரே வாக்கியத்தில், மனசு சொன்ன அதே வார்த்தையில், மணியோடு. இரண்டாவதில் தெரிந்தவை: கண்ணால் கண்டது, உரியவர் வாயால் கேட்டது, காகிதத்தில் எழுதியிருப்பது, இந்த மூன்றைத் தவிர எதுவும் கூடாது. மூன்றாவதில் கூண்டு எண். நான்காவதில், இன்று விளக்கு வைப்பதற்குள் செய்யக்கூடிய ஒரு காரியம். ஐந்தாவதைக் காலியாக விடுங்கள். வசனம் பக்கத்தின் அடியில், கடைசியாக.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவர் விசைப்படகில் போயிருக்கிறார். 9 நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர், இன்று 10-ஆம் நாள். விடிகாலை 4:10-க்கு மனைவிக்கு விழிப்பு வருகிறது. "அவர் இனிமே வரமாட்டார்." இது முதல் கட்டம். இரண்டாவது கட்டத்தை எழுத உட்கார்ந்தால்: 9 நாள் என்றது உத்தேசம், மீன் பட்டதைப் பொறுத்து முன்பின் ஆகும். கூடப் போன இன்னொரு படகும் இன்னும் வரவில்லை. 7-ஆம் நாள் வயர்லெஸில் பேசினார்கள் என்று ஓனர் சொன்னார். புயல் அறிவிப்பு எதுவும் இல்லை. ஃபோன் கிடைக்கவில்லை, ஆனால் ஆழக்கடலில் அது எப்போதுமே கிடைக்காது. கடைசி வரியைக் கவனியுங்கள். பயத்துக்குப் பெரிய சாட்சியாக நின்ற ஃபோன், எழுதிப் பார்த்ததும் சாட்சியே இல்லை என்று ஆகிவிட்டது. கூண்டு 3. நான்காவது கட்டம்: 7 மணிக்கு ஓனர் வீட்டுக்குப் போய் வயர்லெஸில் மறுபடி பேசினார்களா என்று கேட்பது. அடியில் சங்கீதம் 107, கப்பலேறி, திரண்ட தண்ணீர்களிலே தொழில் செய்கிறவர்களுடைய பகுதி. அந்தப் பகுதியும் பயத்தை மறைப்பதில்லை, "அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது" என்று சொல்லிவிட்டுத்தான் துறைமுகத்துக்கு வருகிறது.

இதே வீட்டில் இரண்டாவது கட்டம் வேறு மாதிரி இருந்தால்? கூடப் போன படகுகள் நேற்றே வந்துவிட்டன, இவர்கள் மட்டும் வரவில்லை, இரண்டு நாளாக வயர்லெஸில் பதில் இல்லை. அப்போது அது 3 அல்ல, 7. உட்கார்ந்து ஜெபித்துவிட்டு மதியம் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. ஓனரிடமும் சங்கத்திலும் மீன்வளத் துறையிலும் அந்த மணியே சொல்ல வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படையின் தேடல் மீட்புக்கு 1554. ஓடிக்கொண்டே ஜெபிக்கலாம், தடையில்லை.

பயத்தை அடக்குவதே விசுவாசம் என்று நினைத்துப் பழகினவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது கண் எரிந்து, மூச்சு முட்டி, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்தப் பயம் சரியான பயம். அப்போது செய்ய வேண்டியது ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வாடை வரும் திசையில் இல்லாமல், காற்றுக்குக் குறுக்காக நடந்து வெளியேறுவது. அங்கே யாராவது "பயப்படாதே" வசனம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது விசுவாசம் ஆகாது. 10 ஏற வேண்டிய நேரத்தில் 10 ஏறவில்லை என்றுதான் அர்த்தம்.

நோட்டில் எங்கே பிசகும் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் முதல் கட்டத்தில் எண்ணத்தை எழுதாமல் அதைத் திருத்தி எழுதுவார்கள். "கொஞ்சம் கவலையாக இருந்தது" என்று எழுதினால் விசாரிக்க அங்கே ஆளே இல்லை. "கட்டி கேன்சர், என் பிள்ளைங்க அநாதை ஆகும்" என்று வந்திருந்தால் அப்படியே எழுத வேண்டும். கர்த்தர் படிப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம், அவருக்கு அது 4:10-க்கே தெரியும். அடுத்த பிசகு, வசனத்தை முதலில் எழுதுவது. வசனம் முன்னால் வந்தால் தெரிந்தவை எல்லாம் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும். மூன்றாவது, நீளம். கால் மணி நேரத்துக்கு மேல் எழுதினால் அது விசாரணை அல்ல, அந்த எண்ணத்துக்கு விருந்து. நான்காவது, ராத்திரி 2 மணிக்கு எழுதுவது. அந்த நேரத்தில் எல்லாக் கூண்டும் இரண்டு மூன்று எண் தூக்கலாகவே தெரியும். ராத்திரியில் முதல் கட்டத்தை மட்டும் ஒரு வரி எழுதி மூடிவிட்டு, மீதியைப் பகல் வெளிச்சத்தில் முடியுங்கள்.

கடன் விஷயத்துக்கு நோட்டு இன்னும் சுருக்கமாகவே வேலை செய்யும். "தெருவுல நிக்கப் போறோம்" என்ற எண்ணத்துக்கு எதிரே, குழுக் கடன் வாரம் 1,150 ரூபாய், இன்னும் 38 வாரம், மொத்தம் 43,700 என்று எழுதினால் அது பூதத்திலிருந்து தொகையாக மாறிவிடும். தொகையும் கனமானதுதான். ஆனால் தொகையோடு பேச்சுவார்த்தை நடத்தலாம், பூதத்தோடு முடியாது. "உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்" என்று நீதிமொழிகள் 27:23 சொல்வது இந்தக் கணக்குப் பார்க்கும் வேலையைத்தான்.

ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்த ராயப்பர், அதாவது பேதுரு, கடல்மேல் நடந்த இடத்துக்கு வருகிறேன். "காற்றைப் பார்த்தான், அமிழ்ந்தான், அதனால் நீ காற்றைப் பார்க்காதே" என்று அதை முடித்துவிடுகிறோம். மத்தேயு 14-ஐ மெதுவாக வாசியுங்கள். காற்று பலமாயிருந்தது என்பதைச் சுவிசேஷமே சொல்கிறது, பேதுருவின் கற்பனை என்று சொல்லவில்லை. இயேசு காற்றை மறுக்கவும் இல்லை, சந்தேகப்பட்டதைத்தான் கேட்டார். அவர்கள் படவில் ஏறின பிறகுதான் காற்று அமர்ந்தது, கையைப் பிடித்துத் தூக்கினபோது இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பேதுரு செய்த ஜெபம் மூன்றே சொல்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." நிலைமையும் அதில் இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் இருக்கிறது. 4:10-க்கு விழிக்கிறவர்களுக்கு இதைவிட நீளமான ஜெபம் தேவையில்லை.

இனி வாக்குத்தத்த அட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் சிந்தை தரையிலிருந்து கழன்று போவது நம் சபைகளில் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வரும்போது கையில் ஒரு அட்டை, அதில் புது வருஷத்துக்கென்று ஒரு வசனம். எரேமியா 29:11 பலருக்கு வந்திருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வீட்டில் பீரோ கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது. இந்த வருஷம் வேலை உறுதி, கல்யாணம் உறுதி, வழக்கு நமக்குத்தான். மார்ச்சில் அது நடக்காதபோது ஒன்று தேவன்மேல் கோபம் வருகிறது, அல்லது என் விசுவாசம் போதவில்லை என்று தன்மேலேயே கோபம் வருகிறது.

அந்த வசனத்துக்கு ஒரு படி மேலே, 10-ஆம் வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பு என்று இருக்கிறது. எழுபது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் எருசலேமைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறான். அவன் சொன்னது இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வரும், பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்தது. ஆலயத்தில் அதைக் கேட்டு எத்தனை பேருக்கு உடம்பு சிலிர்த்திருக்கும்! எரேமியா சண்டை போடவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அதுவே ஆசை. ஆனால் ஆசை வேறு, சொல்லப்பட்டது வேறு என்று பிரித்துப் பார்க்கிற ஒழுக்கம் அவரிடம் இருந்தது. ஐந்தாம் மாதம் அப்படிச் சொன்ன அனனியா அதே வருஷம் ஏழாம் மாதம் செத்துப்போனான். எரேமியா சிறைப்பட்டவர்களுக்கு எழுதின அறிவுரை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காராதீர்கள் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். 29:11-இன் நம்பிக்கை அந்தத் தோட்டத்து மண்ணில் நிற்கிறது.

ஆகவே அட்டையில் வந்த வசனத்தை நோட்டின் அடியில் எழுதும் முன் மூன்று கேள்வி: இது யாருக்குச் சொல்லப்பட்டது? முன்னும் பின்னும் பத்து வசனத்தில் என்ன இருக்கிறது? இது எனக்கு ஒரு தேதியைத் தருகிறதா, அல்லது ஒரு ஆளைத் தருகிறதா? தேதியைத் தருகிறது என்று தோன்றினால் பெரும்பாலும் அந்தத் தேதியை நாமே எழுதியிருப்போம்.

ஆபிரகாமைப் பற்றி ஒரு சின்ன ஆச்சரியம். ரோமர் 4:19-இல் அவன் தன் சரீரம் செத்துப்போனதையும் சாராளுடைய கர்ப்பம் செத்துப்போனதையும் "எண்ணாதிருந்தான்" என்று நம் பழைய வேதாகமத்தில் படிக்கிறோம். நிலைமையை நினைக்காதே என்பதற்கு அதுவே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த 'இல்லை' இல்லை. அவற்றின்படி ஆபிரகாம் விசுவாசத்தில் தளராமல் தன் உடம்பு செத்ததுபோல ஆனதை எண்ணிப் பார்த்தான். பல புதிய மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் போட்டிருக்கின்றன. எனக்கு இரண்டாவது வாசிப்புதான் நிறைவு தருகிறது. நூறு வயதை நேருக்கு நேர் பார்த்துவிட்டு நம்பினவனிடம் நாம் போய்க் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

எலியா கதையில் இன்னும் உபயோகமான ஒன்று இருக்கிறது. 1 இராஜாக்கள் 19-இல் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். தேவன் முதலில் அவரோடு விவாதிக்கவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பத் தூங்கவிட்டு, திரும்பச் சாப்பாடு. கேள்வி அதற்குப் பிறகு, பல நாள் நடந்து மலைக்கு வந்தபின்தான். அப்போதும் எலியா "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றார். அது பொய் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். முந்தின அதிகாரத்தில்தான் ஒபதியா, தீர்க்கதரிசிகளில் நூறுபேரை ஐம்பது ஐம்பதாகக் குகையில் ஒளித்து வைத்ததை அவரிடமே சொன்னான். சோர்ந்த மனசு காதால் கேட்டதையே அழித்துவிடும். தேவனுடைய பதிலில் அவர்மேல் கோபம் இல்லை, செய்ய வேண்டிய வேலையும் ஒரு எண்ணும் இருந்தன: பாகாலுக்கு முடங்காத ஏழாயிரம் பேர்.

அதனால் எந்த எண்ணத்தையும் நோட்டில் ஏற்றும் முன் உடம்பைக் கேளுங்கள். மணலியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து, தகர ஷீட் வீட்டில் பகல் வெக்கையில் மூன்று மணி நேரம் புரண்டு எழுந்தவருக்கு எல்லோரும் எதிரியாகத்தான் தெரிவார்கள். அது முதலில் தூக்கப் பிரச்சினை. அடுத்து உபவாசம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காருகிறவர்களுக்கு 11 மணிவாக்கில் வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, காரணமில்லாத திகில் வரும். "சத்துரு போராடுறான்" என்று தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். அது இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். குளுகோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. சாப்பாட்டை விட முடியாதவர்கள் செல்ஃபோனை விட்டு உபவாசிக்கலாம், அதுவும் சிந்தைக்கு நல்லதுதான்.

"கர்த்தர் என்னோட பேசினார்" என்பதற்கும் வாசல் ஒன்றே. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும், அதாவது எடைபோட்டுப் பார்க்கட்டும் என்கிறது 1 கொரிந்தியர் 14:29. நிதானிப்பது அவிசுவாசம் அல்ல, கட்டளை. உள்ளத்தில் பட்டதைத் தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லும் தைரியம் உள்ள இரண்டு பேரிடம் காட்டுங்கள். வேலையை விடச் சொல்கிறதோ, நகையை விற்கச் சொல்கிறதோ, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறதோ, அதெல்லாம் கூடுதல் சோதனைக்கு உரியது. மாத்திரை விஷயத்தில் எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தவிர யாருக்கும் அதிகாரம் இல்லை. கத்தோலிக்கக் குரு லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி ஒன்றை எல்லாச் சபைக்காரரும் எடுத்துக்கொள்ளலாம்: மனசு வறண்டு இருண்டு கிடக்கும்போது, வெளிச்சத்தில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. திரும்பத் திரும்ப வரும் ஒரே பழக்கத்துக்கு அவர் சொன்ன முறையும் எளிது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. காலையிலிருந்து மத்தியானம் வரை எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில், அதன்பின் ராத்திரிச் சாப்பாடு வரை விழுந்தது இரண்டாவதில். நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட்டுப் பார். வீண் சந்தேகம், பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புழுங்குவது, இவற்றுக்கு இந்தப் புள்ளிக் கணக்கு நன்றாகக் கைகொடுக்கும்.

நோட்டே கூடாத ஒரு வகை எண்ணம் உண்டு, அதை அறியாமல் பலர் சித்திரவதைப்படுகிறார்கள். திருவிருந்து எடுக்கும்போது ஆண்டவரைப் பற்றி அசிங்கமான வார்த்தை மனசில் வெட்டும். கைக்குழந்தையைத் தூக்கும்போது கீழே போட்டுவிடு என்று தோன்றும். அந்த எண்ணத்தை வெறுக்கிறவருக்குத்தான் அது வரும். மத்தேயு 12-இல் பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று இருக்கிறதே, நான் அதைச் செய்துவிட்டேன் என்று அவர்கள் நடுங்குவார்கள். அந்த இடத்தில் இயேசு பேசுவது, கண்முன் நடந்த விடுதலையைப் பார்த்தும் அதைப் பிசாசுகளின் தலைவன் பெயெல்செபூலின் வேலை என்று தெரிந்தே சொன்னவர்களைப் பற்றி. தானாக வெட்டிவிட்டுப் போகிற ஒரு சொல்லைப் பற்றி அல்ல.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் பனியனுக்கு "அவரை விற்றுவிடு, விற்றுவிடு" என்று ஓர் எண்ணம் ஓயாமல் வந்தது. மாட்டேன், ஆயிரங்களுக்கும் மாட்டேன் என்று ஒரே மூச்சில் இருபது தடவையாவது பதில் சொல்வாராம். பதில் சொல்லச் சொல்ல அது ஏறியதே தவிர இறங்கவில்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார், நினைப்பு வரும்போதெல்லாம் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்த வகை எண்ணத்துக்குக் கூண்டு ஏற்றவே வேண்டாம். கடிந்துகொள்ள வேண்டாம், அறிக்கையிட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பாவமன்னிப்புக் கேட்க வேண்டாம். "வந்துவிட்டது" என்று மட்டும் விட்டு, செய்துகொண்டிருந்த வேலையை அதே வேகத்தில் செய்யுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் கழுவுங்கள். பாடிக்கொண்டிருந்தால் அந்தச் சரணத்தை முடியுங்கள். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது என்றால் அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாவத்துக்கான இடத்தில் நோயையும், நோய்க்கான இடத்தில் பாவத்தையும் வைப்பது இரண்டு பேருக்கும் கெடுதல்.

11-ஆம் எண்ணுக்கு வருகிறேன். அது புயலின் அளவைச் சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. அப்போது துறைமுகத்துக்கே எது 3, எது 10 என்று தெரியாது. மனசுக்கும் அந்த நிலை வரும். நாலைந்து ராத்திரி தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல் இருப்பது, ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, தெருவே தனக்கு எதிராகத் திட்டம் போடுகிறது என்று அசையாமல் நம்புவது, நான்தான் அந்தத் தீர்க்கதரிசி என்று திடீரென்று எழுந்து நிற்பது, குளிக்காமல் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே கிடப்பது, செத்துப்போவதைப் பற்றிப் பேசுவது. இவர்களிடம் நோட்டைக் கொடுக்காதீர்கள், வசனத்தால் வாதாடாதீர்கள். அவர்களுடைய இரண்டாவது கட்டமே பழுதாகி இருக்கிறது. இன்னொருவர் அவர்களுக்காகக் கடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த இன்னொருவர் சபையாக இருக்கலாம். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. காலையில் ஆட்டோ வைத்துக் கூடவே போய்ச் சீட்டு எடுத்து வரிசையில் நிற்க ஒரு பிரதர், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஒரு அக்கா, மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுக்க ஒருவர், இந்த மூன்று பேரை பாஸ்டர் ஏற்பாடு செய்தால் அது முழு இரவு ஜெபத்துக்குச் சமம். ராத்திரியில் என்றால் 14416 அல்லது 104, தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினவரைத் தனியாக விடக்கூடாது. கையெட்டும் தூரத்தில் பூச்சிமருந்தோ, சேர்த்து வைத்த மாத்திரையோ இருக்கக்கூடாது. கேட்டால் தூண்டிவிட்டது போல ஆகிவிடுமோ என்று பயந்து கேட்காமல் விடுகிறார்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், அது தூண்டிவிடாது.

ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன். அது சனிக்கிழமை சாயங்காலத்துக்கு. ஞாயிறு ஆராதனைக்குத் துணி தேய்த்து வைத்த பிறகு, அந்த வாரத்துப் பக்கங்களைத் திறந்து, ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிரே என்ன நடந்தது என்று எழுதுங்கள். படகு செவ்வாய் மத்தியானம் வந்தது, டீசல் குழாயில் அடைப்பாம். கட்டி கொழுப்புக் கட்டி என்றார்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டது ஓவர்டைம் கேட்க. புயல் கடந்ததும் கூண்டை இறக்குவதுபோல, இந்தக் கட்டத்தை எழுதினால்தான் அந்த எண்ணம் இறங்கும். எழுதாமல் விட்டவை மனசில் ஏறியே நிற்கும். இரண்டு மூன்று மாதத்துப் பக்கங்கள் சேர்ந்துவிட்டால் உங்கள் மனசு எந்த விஷயத்தில் எத்தனை எண் கூட்டி ஏற்றும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உடம்பு விஷயத்தில் நாலு கூட்டும், பணத்தில் சரியாகச் சொல்லும், மகன் விஷயத்தில் ஆறு கூட்டும், இப்படி.

சில எண்ணங்களுக்கு எதிரே 'அப்படியே நடந்தது' என்றும் எழுத வேண்டி வரும். கட்டி கொழுப்புக் கட்டியாக இருக்காது. படகு வராது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கரை இது, இங்கே யாருக்கும் அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் நோட்டைப் பற்றிப் பேசக்கூடாது. எல்லாம் நன்மைக்கே என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போகக்கூடாது. சங்கீதம் 88 என்று ஒன்று இருக்கிறது. புலம்பிப் புலம்பி, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லாமல் முடிகிறது. அதையும் ஜெபம் என்று வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் அதை வாசிக்கலாம், முடிந்ததும் வேறு வசனம் சேர்க்காமல் நிறுத்திவிடலாம். பிறகு அடுப்படிக்குப் போய், குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்குக் காலைச் சாப்பாடு யார் கொண்டுவருவது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசி முடித்துவிட்டு வரலாம்.